பல்லைப் பிடுங்கினால் கலம் ஏமாறுமா?

பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கு மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு விளக்கமும் வருகிறது. பிள்ளையின் எலும்பு மச்சையில் பிறக்கும் மூலக்கலங்களை, செய்திகள் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதும் அந்தக் கலங்களை, வெளியே எடுப்பார்கள். நல்ல மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி அவற்றுக்குள் விடுவார்கள். பிறகு கலங்களைத் திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். ‘வைரஸா?’ என்று யாராவது திடுக்கிட்டால் அதற்கும் பதில் தயார்: அது பல் பிடுங்கிய பாம்பு, நோயுண்டாக்கும் மரபணுக்களை எல்லாம் எடுத்தாயிற்று, மிஞ்சியிருப்பது வெறும் கூடு, அது வைரஸ் என்று கலத்துக்கே தெரியாது.

இந்தப் பதிலின் முற்பாதியோடு எனக்குச் சண்டையில்லை. பிற்பாதி தவறு. மூலக்கலத்துக்கு அந்த வைரஸ் தெரிகிறது. வாசலில் அதைத் தடுக்கிறது. தடையைத் தாண்டி அது உள்ளே வந்த பின்னும் அதற்கு எதிர்வினை காட்டுகிறது. சிகிச்சை பலிக்குமா, எத்தனை கலம் தேறும், செலவு எங்கே போய் நிற்கும் என்பவற்றில் பெரும்பங்கு அந்த எதிர்வினையில் தங்கியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு ‘வெறும் கூடு’ என்று சொல்லி முடிப்பது, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் பெற்றோருக்குச் செய்யும் அநியாயம்.

கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குழியை முன்னிறுத்தி இதை எழுதக் காரணம் இருக்கிறது. இலங்கையில் தலசீமியா எங்கும் ஒரே அளவில் இல்லை. குருநாகல், அநுராதபுரம், புத்தளம் என்று வடமேற்கிலும் அதை ஒட்டியும் கிடக்கும் நிலப்பரப்பில் அது அடர்த்தி. இலங்கை ஆய்வாளர்களும் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து 2000இல் லான்செட் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எதிர்காலத்தில் எந்த நேரத்திலும் 2000க்கு மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவைப்படும், அவர்களை முறையாகப் பராமரிக்க நாட்டின் சுகாதாரச் செலவில் சுமார் 5 சதவீதம் போகும் என்றது அது. 2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு 23 மையங்களில் 1774 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. கண்டக்குழியில் ஒரு வீட்டில் இப்படியொரு பிள்ளை பிறந்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேறு, வாழ்நாள் முழுக்க. தேசிய தலசீமியா மையம் இருக்கும் குருநாகலுக்குப் போவதென்றால் பாலாவி, புத்தளம் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். கடலுக்குப் போகாத நாள் உழைப்பில்லாத நாள் என்று வாழும் குடும்பத்துக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ‘ஒரேயொரு முறை ஏற்றினால் போதும், பிறகு இரத்தமே வேண்டாம்’ என்ற செய்தி அங்கே எவ்வளவு பெரிய நம்பிக்கையாக விழும் என்பதும் தெரிந்ததே. நம்பிக்கை பெரிதாக இருக்கும் இடத்தில் விளக்கம் சரியாக இருக்க வேண்டும்.

இந்த நோய் இங்கே வேரூன்றிய கதையே இரத்தத்துக்கும் கிருமிக்கும் உள்ள பழைய உறவின் கதைதான். தலசீமியாவின் ஒற்றைப் பிரதியைக் காவுபவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. ஆகவே மலேரியா ஆண்ட நிலங்களில் அந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. கிருமி போய்விட்டது, அதற்காக இரத்தம் செய்துகொண்ட ஏற்பாடு போகவில்லை. கிருமிகளோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டிய இரத்தம், அதை உண்டாக்கும் மூலக்கலத்தை ஒரு காவலும் இல்லாமல் விட்டுவைத்திருக்கும் என்று நம்புவதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதல் வாதம்: இதெல்லாம் உடம்புக்கு வெளியே, ஆய்வுகூடத்தில் நடக்கிறது. உடம்பின் நோயெதிர்ப்புக்கு அங்கே என்ன வேலை? இதைச் சொல்பவர்கள் 1999 செப்டெம்பரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சோதனையில் ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞருக்கு, மரபணுவைக் காவிச் செல்லும் அடினோ வைரஸை, அதாவது அடினோ வைரஸ் காவியை, கல்லீரலுக்குப் போகும் நாடி வழியாகச் செலுத்தினார்கள். நான்கே நாளில், உடல் முழுதும் மூண்ட நோயெதிர்ப்புக் கொந்தளிப்பில் அவர் இறந்தார். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால், கலங்களை வெளியே எடுத்துச் செய்வது பாதுகாப்பானதுதான். வைரஸ் நேராக இரத்த ஓட்டத்துக்குள் போவதில்லை. ஆனால் நோயெதிர்ப்பு என்பது வெண்குழியங்களும் பிறபொருளெதிரிகளும் மட்டும் செய்யும் வேலை என்று இந்த வாதம் எண்ணிக்கொள்கிறது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அதற்கே சொந்தமான, பிறப்பிலேயே வாய்த்த ஒரு தற்காப்பு இருக்கிறது. கலத்தை உடம்பிலிருந்து எடுக்கலாம். கலத்திலிருந்து அந்தத் தற்காப்பை எடுக்க முடியாது. ஆய்வுகூடக் கிண்ணத்துக்கு அதுவும் கூடவே போகிறது.

இரண்டாவது வாதம்தான் பல் பிடுங்கிய கதை. இன்று இரத்த மூலக்கலங்களுக்கு அதிகம் பயன்படும் காவி, எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.யிலிருந்து செய்யப்பட்டது. லென்டி வைரஸ் காவி என்பார்கள். லூய்ஜி நல்டினியும் தோழர்களும் 1996இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் இதற்கு அடித்தளம் போட்டார்கள். பெருகவும் நோயுண்டாக்கவும் தேவையான மரபணுக்கள் அதில் இல்லை. அதைத் தயாரிக்கும் கலங்களில்கூட வைரஸின் பாகங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துத்தான் வைக்கிறார்கள். ‘இதை ஏற்றினால் பிள்ளைக்கு எயிட்ஸ் வருமா?’ என்று கேட்கும் தாய்க்கு, ‘வராது’ என்று தயக்கமில்லாமல் சொல்லலாம்.

ஆனால் கலம் பார்ப்பது பல்லை அல்ல, பாம்பின் உடலை. ஒரு கலம் தன் தற்காப்பை வைரஸின் நோய் மரபணுக்களைப் படித்துப் பார்த்துத் தொடங்குவதில்லை. உள்ளே வருவதன் உருவத்தையும் வரும் வழியையும் பார்த்துத் தொடங்குகிறது. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு டி.என்.ஏ., இருக்கக்கூடாத வடிவில் ஒரு ஆர்.என்.ஏ., ஒரு சவ்வோடு இன்னொரு சவ்வு ஒட்டும் கணம், எங்கும் பொருந்தாமல் நிற்கும் டி.என்.ஏ. நுனி: இவைதான் அதற்குத் தடயங்கள். இனிக் காவியைப் பாருங்கள். வெளிப்புறத்தில் உறை இருக்கிறது, அது எச்.ஐ.வி.யின் உறைகூட அல்ல, மாடு குதிரைகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் வெசிக்குலர் ஸ்டொமாட்டிட்டிஸ் வைரஸிடமிருந்து இரவல் வாங்கியது. உள்ளே புரதக் கூடு இருக்கிறது. அதற்குள் ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏ. கலத்துக்குள் டி.என்.ஏ.யாக மாறுகிறது, கருவுக்குள் நுழைகிறது, நிறமூர்த்தத்தை வெட்டி இடையில் ஒட்டிக்கொள்கிறது. நாம் அகற்றியது நோயை. வருகையின் ஒவ்வொரு படியும் அப்படியே இருக்கிறது. அந்தப் படிகள் இல்லாவிட்டால் மரபணு போய்ச் சேராது என்பதால், அவற்றை அகற்றவும் முடியாது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது அது: வைரஸ் நுழைந்தால் கலங்கள் இன்டர்ஃபெரோன் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துக்கு அபாயம் அறிவிக்கும், லென்டி வைரஸ் காவி நுழையும்போது இரத்த மூலக்கலங்கள் அப்படி அறிவிப்பதில்லை, ஆகவே அவை அதை உணரவில்லை.

இதன் முதல் பகுதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மிலானின் சான் ரஃபாயேல் நிறுவனத்தில் அன்னா கஜாஸ்டே-ருட்னிட்ஸ்கியின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு, காமா ரெட்ரோ வைரஸ் என்ற வேறு வகைக் காவி மூலக்கலங்களில் வலுவான இன்டர்ஃபெரோன் எதிர்வினையை எழுப்புகிறது, லென்டி வைரஸ் காவியோ அதை எழுப்பாமல் நழுவிவிடுகிறது என்று காட்டியது. கலத்தின் மரபணுச் செயற்பாட்டில் லென்டி வைரஸ் காவி உண்டாக்கும் மாற்றம் மொத்தத்தில் சிறிது என்றும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆனால் ‘வெறும் கூடு’ என்பவர்கள் அந்த ஆய்வின் இந்தப் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மறுபாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில், அபாய அறிவிப்பு இல்லை என்பதால் தற்காப்பு இல்லை என்று முடிவுகட்டலாமா என்று பார்ப்போம்.

2018இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சார்ல்ஸ் ரைஸின் ரொக்கஃபெலர் பல்கலைக்கழகக் குழு ‘செல்’ இதழில் ஒன்றை நிறுவியது. பலவகை மூலக்கலங்கள் இன்டர்ஃபெரோனுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் மற்றக் கலங்கள் இன்டர்ஃபெரோன் வந்த பிறகே இயக்கும் வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றை, மூலக்கலங்கள் எவரும் சொல்லாமலே எந்நேரமும் இயக்கி வைத்திருக்கின்றன. மூலக்கலம் முதிர்ந்து வேறு கலமாக மாறும்போது அந்த நிரந்தர ஏற்பாடு தளர்கிறது, இன்டர்ஃபெரோனுக்குச் செவிசாய்க்கும் ஆற்றல் வந்து சேர்கிறது.

ஏன் இப்படி? ஜேர்மனியின் அன்ட்ரியாஸ் ட்ரம்ப் குழு 2009இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. இன்டர்ஃபெரோன் எலியின் உறங்கும் இரத்த மூலக்கலங்களை எழுப்பிப் பிரியவைக்கிறது. ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் அவற்றின் ஆற்றல் தேய்கிறது. ஓர் உயிரின் இரத்தத்தை ஆயுள் முழுக்க உண்டாக்க வேண்டிய கலம் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதறி எழுந்தால் கட்டுப்படியாகாது. அதனால் சத்தம் போடாத, எப்போதும் விழித்திருக்கும் தற்காப்பு அதற்குப் பொருத்தம். சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து எவரும் இல்லை என்று முடிவுகட்டியது நம் தவறு. கலம் தன் இயல்புப்படியே நடந்துகொண்டது.

அந்தத் தற்காப்பில் ஒரு புரதத்தைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது பயன் தரும்: ஐ.எஃப்.ஐ.டி.எம்.3. இது 2009இல் கவனத்துக்கு வந்தபோது இன்ஃபுளுவென்சா, வெஸ்ட் நைல், டெங்கு ஆகிய வைரஸ்களைக் கலத்துக்குள் போகவிடாமல் தடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறியப்பட்டது. டெங்குக் காய்ச்சலைப் புத்தளத்தாருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. வைரஸைக் கலம் விழுங்கும்போது உண்டாகும் நுண்பையின் சவ்வில் இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கும். வைரஸின் சவ்வு அந்த நுண்பைச் சவ்வோடு ஒட்டி உள்ளடக்கம் கலத்துக்குள் கொட்டுவதை மறிக்கும். நம் காவியின் இரவல் உறை இதே நுண்பை வழியாகத்தான் வருகிறது. அதே மிலான் குழு 2018இல் ‘செல் ஸ்டெம் செல்’ இதழில், மனித இரத்த மூலக்கலத்தில் காவியைத் தடுக்கும் முக்கிய தடைகளில் ஒன்று இந்த ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 என்று காட்டியது. சைக்ளோஸ்போரின் எச் என்ற சேர்மம் இந்தப் புரதத்தைத் தற்காலிகமாகச் சிதையச் செய்கிறது. அந்த இடைவெளியில் காவி தாராளமாக நுழைகிறது. ஒன்றை அகற்றியதும் வழி திறக்கிறதென்றால், அங்கே ஒன்று மறித்துக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? காவியைக் கலத்துக்குத் தெரியவே தெரியாது என்பவர்கள் இந்தப் பரிசோதனைக்கு என்ன விளக்கம் தருவார்கள்? உறங்கும் மூலக்கலத்தின் மேற்பரப்பில் இந்த உறை பற்றிக்கொள்ளும் ஏற்பி குறைவு என்பதும் ஒரு காரணம்தான், தடை ஒன்றல்ல. ஆனால் தடையே இல்லை என்ற கூற்று இதோடு முடிகிறது.

இப்போது 2017 ஆய்வின் மறுபாதிக்கு வருவோம். இன்டர்ஃபெரோனை எழுப்பாமல் நுழைந்த காவி, கலத்துக்குள் டி.என்.ஏ.யாக மாறிய பின் வேறொரு பாதையைத் தூண்டியது: பி53. டி.என்.ஏ. சேதமடைந்தால் கலத்தை நிறுத்தி வைப்பதும், சேதம் மீறினால் கலத்தை மடியச் செய்வதும் இந்தப் புரதத்தின் வேலை. எங்கும் செருகாமல் நிற்கும் ஏ.ஏ.வி. என்ற இன்னொரு காவியும் இதே பி53ஐத் தூண்டியது. விளைவு, ஆய்வுகூடத்தில் தேறிய கலங்கள் குறைந்தன. எலிகளில் ஏற்றியபோது ஊன்றியவையும் குறைந்தன. ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீண்டகாலம் நிலைக்கும் மூலக்கலங்களின் விகிதம் குறையவில்லை, அடி அதிகம் விழுந்தது குறுகிய காலம் இரத்தம் தரும் கலங்களில். ஆனால் அதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது. மருந்தால் மச்சையை வெறுமையாக்கிவிட்டு, புதிய கலங்களை ஏற்றிக் காத்திருக்கும் அந்த முதல் வாரங்களில் வெண்குழியங்களையும் குருதிச் சிறுதட்டுக்களையும் கொண்டு வருவது இந்தக் குறுகியகாலக் கலங்கள்தான். ஒரு சிறு தொற்றும் ஒரு சிறு இரத்தக்கசிவும் உயிருக்கு ஆபத்தாகும் வாரங்கள் அவை.

இதெல்லாம் எலியிலும் கிண்ணத்திலும் நடப்பது, நோயாளியில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். இலங்கையர் பலர் வைத்தியத்துக்குத் தேடிப்போகும் வேலூரையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில் கடுமையான ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு நடந்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் வந்தது. இரத்தம் உறைவதற்கான எட்டாம் காரணியின் மரபணுவை லென்டி வைரஸ் காவியால் அவர்களது மூலக்கலங்களில் சேர்த்தார்கள். முதல் இருவருக்குக் காவியை மட்டும் பயன்படுத்தினார்கள். அடுத்த மூவருக்கு, காவி கலத்துக்குள் நுழைய உதவும் துணைப்பொருளும் சேர்த்தார்கள். முதல் இருவரின் எட்டாம் காரணி அளவு டெசிலீற்றருக்கு 5.2, 1.7 அலகு. அடுத்த மூவருக்கு 37.1, 19.3, 39.9. ஐவருக்கும் சிகிச்சைக்குப் பின் இரத்தக்கசிவே இல்லை. அது பெரிய வெற்றி, இந்தியாவுக்குப் பெருமை. ஆனால் இந்த இரண்டு வரிசை எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அதே காவி, அதே மரபணு, அதே வைத்தியசாலை. மாறியது கலத்தின் வாசலில் செய்த ஏற்பாடு. ஐந்து பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் ‘காவியைக் கொடுத்தால் கலம் வாங்கிக்கொள்ளும்’ என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

தலசீமியாவிலும் இதே பாடம். காவி வழியாக மரபணுச் சிகிச்சை பெற்று இரத்தமேற்றல் தேவையற்றுப்போன முதல் தலசீமியா நோயாளிக்கு 2007இல் பாரிசில் சிகிச்சை நடந்தது; அவருக்கு இருந்தது ஹீமோகுளோபின் ஈ கலந்த பீட்டா தலசீமியா, அதாவது இலங்கையிலும் கணிசமாகக் காணப்படும் வகை. பிறகு வந்த பெட்டிசெல் சிகிச்சையின் ஆரம்பச் சோதனைகள் 2018இல் வெளியாயின. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை அறவே உண்டாக்க முடியாத, அல்லது அதற்கு நிகரான, கடுமையான வகையினர் ஒன்பது பேரில் மூவரால் மட்டுமே இரத்தமேற்றலை நிறுத்த முடிந்தது. தயாரிப்பு முறையைச் சீர்செய்த பின், அந்தக் கடுமையான வகையினரையும் அதற்கு நிகரானவர்களையும் சேர்த்த சோதனையில் 18 பேரில் 16 பேர் நிறுத்தினார்கள். காவி மாறவில்லை. கலத்தைக் கையாண்ட முறை மாறியது.

நான்காவது வாதம் பொறியியலாளர்களுக்குப் பிடித்தது: நுழையவில்லையா, இன்னும் அதிகமாக விடு. செய்யலாம்; விலை உண்டு. காவியின் அளவு கூடக்கூட ஒவ்வொரு கலத்திலும் செருகும் பிரதிகள் கூடும். ஒவ்வொரு செருகலும் நிறமூர்த்தத்தில் ஒரு வெட்டு. செருகல் தவறான இடத்தில் விழுந்தால் என்னாகும் என்பதற்கு ஸ்கைசோனா என்ற மூளைநோய் மரபணுச் சிகிச்சை சாட்சி: 67 பிள்ளைகளில் ஏழு பேருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததாக 2024இல் அறிக்கை வெளியானது. அங்கே முதன்மைக் குற்றவாளி அந்தக் காவியில் இருந்த வலுவான ஊக்குவிப்புத் துண்டு. தலசீமியாக் காவியில் அது இல்லை. ஆனாலும் தேவைக்கு மேல் செருகாதே என்ற எச்சரிக்கை எல்லாக் காவிக்கும் பொது. இன்னொன்று, மருந்துத் தரத்தில் காவி தயாரிப்பது இந்தச் சிகிச்சையின் பெருஞ்செலவுகளில் ஒன்று. அமெரிக்காவில் பெட்டிசெல்லின் விலை 28 லட்சம் டொலர். கலத்தின் தடையைப் புரிந்துகொள்ளாமல் காவியைக் கொட்டித் தீர்த்தால், அந்தக் கணக்கு இலவச வைத்தியம் நடத்தும் நாட்டின் கதவருகே ஒருநாளும் வராது.

ஐந்தாவது வாதம் நேர் எதிர்த் திசையில் போகிறது: கலத்தின் தற்காப்புத்தான் சிக்கல் என்றால் அதை அணைத்துவிடு. இது முதல் தவறைவிட மோசமான தவறு. ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 அங்கே இருப்பது மரபணு வைத்தியரைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல. பி53ஐ நிரந்தரமாக வாயடைத்த கலம் புற்றுநோய்க்கு வழிவிட்ட கலம். மனிதப் புற்றுநோய்களில் அடிக்கடி பழுதாகும் மரபணு அதுவே. நல்டினியின் குழு 2019இல் செய்த பரிசோதனைகள் காட்டுவது இதற்கு நடுவிலான வழியை: காவியும் வெட்டும் விழும் அந்தக் குறுகிய நேரத்துக்கு மட்டும் பி53இன் எதிர்வினையைத் தணித்தால் அதிக மூலக்கலங்கள் பிழைக்கின்றன. சைக்ளோஸ்போரின் எச்சும் இப்படித்தான். அதன் விளைவு நீங்கியதும் புரதம் திரும்பி வருகிறது. எப்போது, எவ்வளவு நேரம், எந்த அளவு என்பது நூலிழை விவகாரம். அந்த நூலிழையைப் பிடிக்க வேண்டுமென்றால், கலம் எதைக் கண்டு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வாதம் புதுமோகம்: மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் வந்துவிட்டது, வைரஸே தேவையில்லை, இந்த விவாதமே பழசு. 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்கெவி உண்மையிலேயே வைரஸ் காவி இல்லாத சிகிச்சை. மின்துடிப்பால் கலச்சவ்வைத் திறந்து வெட்டும் புரதத்தை உள்ளே விடுகிறார்கள். வாசல் தடை அதில் இல்லை. ஆனால் வெட்டு இருக்கிறது. கிறிஸ்பர் வெட்டு பி53ஐத் தூண்டுகிறது என்பதை 2018இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. அவற்றில் ஒன்று மனித மூலக்கலங்களில் செய்தது. பழுதைத் திருத்தி எழுதும் வகைக் கிறிஸ்பர் முறைகளில் திருத்தப் பிரதியைக் கொண்டுபோக ஏ.ஏ.வி. காவியைச் சேர்த்தால் இரண்டு தூண்டுதலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. வழி மாறினாலும், தன் டி.என்.ஏ.யில் யாரோ கைவைப்பதைக் கலம் கவனிக்காமல் இருப்பதில்லை.

கடைசியாக, வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு வாதம். சனங்களுக்கு இவ்வளவும் சொன்னால் பயந்துவிடுவார்கள். ‘வெறும் கூடு’ என்று சொன்னால் நிம்மதியாகச் சம்மதிப்பார்கள். இந்த இரக்கத்தை நான் நம்பவில்லை. மகனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றி, உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அறிக்கையின் இலக்கத்தை வைத்தே ஈரலின் நிலையைச் சொல்லப் பழகிவிட்ட தாய்க்கு, ‘கலம் கொஞ்சம் எதிர்க்கும், அதனால் சில கலங்கள் மடியும், அதற்காகத்தான் கூடுதலாகக் கலம் சேகரிக்கிறோம்’ என்பது விளங்காதா? விளங்காது என்று முடிவு செய்தவர்கள், ஒரு தடவை சேகரித்த கலம் போதாமல் இரண்டாம் தடவை அழைக்கும்போது என்ன சொல்வார்கள்? முதல் நாளில் சொன்ன பொய் அன்றைக்கு வெளியே வரும். அதன் பிறகு அந்தத் தாய் எந்த வைத்தியரை நம்ப வேண்டும்? வைரஸ் என்ற சொல்லுக்குப் பயப்படுபவரைப் பொய்யால் தேற்றினால், பயம் போவதில்லை, ஒத்திப்போகிறது.

ஆகவே இந்தச் சிகிச்சையை நம் நாட்டுக்குக் கொண்டுவரப் பேசுபவர்களிடமும், அதற்காக வெளிநாட்டுக்கு அழைப்பவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. எத்தனை கலம் எடுப்பீர்கள், காவி பட்ட பின் எத்தனை உயிரோடு தேறுகின்றன? தடையைத் தாண்ட என்ன சேர்க்கிறீர்கள், அது எவ்வளவு நேரத்தில் கலத்தைவிட்டு நீங்கும்? ஒரு கலத்துக்குச் சராசரி எத்தனை பிரதி செருகுகிறது? நிறமூர்த்தத்தில் செருகும் காவி பெற்றவர்களை 15 ஆண்டு கண்காணிக்க அமெரிக்க ஒழுங்குமுறை கேட்கிறது. கண்டக்குழியிலிருந்து வரும் பிள்ளையை அத்தனை ஆண்டும் பின்தொடரப் போவது யார், யார் செலவில்?

இவற்றோடு நம் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 மரபணு எல்லா மக்களிலும் ஒன்றுபோல் இல்லை; ஐரோப்பியரில் அரிதாகவும் கிழக்காசியரில் சாதாரணமாகவும் காணப்படும் ஒரு வேறுபாடு கடுமையான இன்ஃபுளுவென்சாவோடு தொடர்புபடுத்தப்பட்டு, அதன் செயல் பற்றி விவாதம் நடந்துவருகிறது. தலசீமியா நோயாளியின் மூலக்கலமும் ஆரோக்கியமானவரின் மூலக்கலம் போன்றதல்ல. நோயால் நலிந்த மச்சை அதன் ஆற்றலைக் குறைக்கிறது என்று 2020இல் மிலான் ஆய்வொன்று காட்டியது. மிலானில் ஆரோக்கியமான கொடையாளியின் கலத்தில் அளந்த அளவை, இருபது வருடம் இரத்தமேற்றிய வடமேல் மாகாணத்து இளைஞரின் கலத்துக்கு அப்படியே பொருத்துவது விஞ்ஞானமல்ல, வசதி. குருநாகலிலும் ராகமையிலும் நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அந்த நோயாளிகளின் மூலக்கலங்கள் காவிக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதை இங்கேயே அளக்க வேண்டும். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டே வேலூரோடும் உலகின் கம்பனிகளோடும் பேச வேண்டும். கலத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பும் நாடு, யாரோ வகுத்த அளவில் யாரோ சொன்ன விலைக்கு மருந்து வாங்கும். தன் மக்களின் கலத்துக்கு என்ன தெரியும் என்று அறிந்த நாடுதான் பேரம் பேசும்.